நிலா வரைந்த மாத்திரை உறைகள்

மருந்தாளுநர் என்பவர் யாருடைய கையெழுத்தையும் படிக்கத் தெரிந்தவர்; ஆனால் படித்ததைப் பற்றி யாரையும் எதுவும் கேட்கக் கூடாதவர். போச்சம்பள்ளிப் பக்கம் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையின் மருந்தறையில் நான் பார்க்கும் வேலை இதுதான். இரும்புத் தகட்டை வளைப்பதற்கு அங்கே பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. வளைந்துபோன மனிதர்களை நிமிர்த்துவதற்கு என் அறை இருக்கிறது. நிமிர்த்தும் கருவிகள் என்று பார்த்தால் ஒரு கட்டில், ஓர் எடை இயந்திரம், ஓர் அலமாரி நிறைய மாத்திரை, வாரம் இருமுறை பெங்களூரிலிருந்து வரும் ஒரு மருத்துவர்.

தொழிலாளர்கள் என்னை டாக்டர் என்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் "டாக்டர் இல்லை, மருந்தாளுநர்" என்று திருத்துவேன். "சரிங்க டாக்டர்" என்பார்கள். எப்போதாவது ஒரு மருந்துக் கவுண்டரில் நின்று, 'இது எதற்கு?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்து, பின்னால் நிற்கும் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போன உங்களுக்காகத்தான் இவற்றை எழுதுகிறேன். கவுண்டருக்கு உள்ளே நின்றாலும் நானும் அந்த வரிசையில் ஓர் ஆள்தான்.

நிலா

எங்கள் ஆலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் புழங்கும். மாத்திரை உறையில் 'காலை', 'இரவு' என்று தமிழில் எழுதினால் பாதிப் பேருக்கு அது வெறும் கோலம். எனவே நான் படம் வரைவேன். காலைக்குக் கதிர்களோடு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை நிலா. மொழிச் சிக்கலை இப்படித் தீர்த்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சாதிக் பாட்சா பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். சிங்காரப்பேட்டைக்காரர். மனைவி, ஒரு மகள். ஒப்பந்தத் தொழிலாளி, நிரந்தரம் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே திட்டம். அதற்கு ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டும் வாரம் மாற்றி வாரம் முகம் கோணாமல் பார்க்க வேண்டும். சி ஷிப்ட் என்றால் இரவு முழுக்க வேலை. பகலில் வீட்டுக்குப் போனால் தூக்கம் வருவதில்லை என்று மருத்துவரிடம் வந்தார். மருத்துவர் கன்னடத்தில், "நித்தெ பர்த்தா இல்வா?" என்று, தூக்கம் வரவில்லையா என்றார். இவர் தமிழில், "இல்லைங்க" என்றார். கேள்வியும் பதிலும் முடிவதற்குள் மருந்துச்சீட்டு என் கையில் இருந்தது. இரவு ஒன்று. நான் நிலா வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் குமரேசன் அவரைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தார். சாதிக் மாத்திரையைச் சி ஷிப்ட் தொடங்கும்போது போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்று தள்ளாடியிருக்கிறார். பிரஸ் என்பது டன் கணக்கில் மேலிருந்து இறங்கும் இரும்பு. அதன் கீழே தகட்டை வைத்து எடுப்பது சாதிக்கின் கை. பாதுகாப்புக் கருவிகள் உண்டு. அவையெல்லாம் முன்னால் நிற்பவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. "வேலைக்கு வரும்போதா தூக்க மாத்திரை போடுவாங்க?" என்று கத்திவிட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து என் உறையை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"நீங்கதானேண்ணா நிலா போட்டுக் குடுத்தீங்க. சி ஷிப்ட்டுக்குள்ள நுழையறப்ப பார்த்தேன், நிலா இருந்துச்சு. போட்டேன்."

தலையணை

படத்தை மாற்றினேன். நிலாவுக்குப் பதிலாக ஒரு தலையணை. படுக்கப் போகும்போது போட வேண்டும் என்று பொருள். இதற்குமேல் தெளிவாக ஒரு மருந்தாளுநரால் வரைய முடியாது.

நான் மறந்தது, எங்கள் ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பதை. சி ஷிப்ட் முடிந்தவர்களுக்குக் கம்பெனி பஸ்தான் படுக்கையறை. மத்தூர், ஊத்தங்கரை என்று அது குலுங்கிக்கொண்டு போகும்போது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டுக்குப் போனால் குழந்தை, குக்கர், பக்கத்து வீட்டு டிவி. சாதிக் பஸ் ஏறினதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருக்கிறார். சிங்காரப்பேட்டை வந்தது, போனது. பஸ்ஸின் கடைசி நிறுத்தமான செங்கத்தில், அடுத்த மாவட்டத்தில், ஓட்டுநர் மாதையன் பஸ்ஸைக் கழுவ வாளித் தண்ணீரோடு ஏறியபோதுதான் உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரிந்திருக்கிறது.

மாதையன் அடுத்த நாள் என் ஜன்னலில் வந்து நின்றார். "சார், இந்தாளுக்கு மாத்திரை குடுக்கறதுன்னா குடுங்க. கூடவே செங்கத்துல ஒரு ரூமு பாத்துக் குடுத்துடுங்க."

அன்பளிப்பு

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் தொழிற்சாலை மருந்தறைக்கு அதிகம் வருவதில்லை. வந்தால் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் வந்தார், கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை. புதிய தூக்க மாத்திரை ஒன்றைப் பற்றி மனப்பாடமாகச் சொன்னார். படுத்ததும் தூக்கம், எழுந்தால் தெளிவு, பழக்கமாகாது. பழைய மாத்திரைக்கும் இதையேதான் சொன்னார்கள் என்றேன். அது பழைய மாத்திரை சார் என்றார். அந்தத் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை.

போகும்போது மருத்துவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகளை வைத்தார். பிரித்துப் பார்த்தேன். மாத்திரையின் பெயர் பொறித்த அலாரம் கடிகாரம். நான் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"தூங்க வைக்கிறது எங்க பொறுப்பு சார். எழுப்பறதுக்கு ஏதாவது ஏற்பாடு வேணுமில்ல?"

ஜெயம்மா கேட்டது

வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் ஜெயம்மா வயரிங் லைனில் வேலை செய்பவர். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை வியர்க்கிறது. காரணத்தையும் அவரே சொன்னார். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் கேட்க வேண்டும்; அவர் எல்லோர் முன்னாலும், "மறுபடியுமா?" என்று கத்துவார், அதற்குப் பயந்து ஜெயம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார், லீடரின் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூன்று மொழியில் சொன்னதை நான் ஒரு மொழியில் தொகுத்து மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரே சொல்லில் தொகுத்தார்: "ஆங்ஸைட்டி." அதாவது, பதற்ற நோய். நீளமான கதைக்குச் சுருக்கமான பெயர் வைப்பதை நான் மதிக்கிறேன். என்ன, கதையில் இருந்த ஓர் ஆள் மட்டும் பெயரில் விடுபட்டுப் போனார்.

மாத்திரையை உறையில் போட்டு, சூரியன் வரைந்து கொடுத்தேன். ஜெயம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரலில் கிண்டலே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இது நான் சாப்பிடறதா சார், இல்ல லைன் லீடருக்கு டீல போட்டுக் குடுக்கறதா?"

முகாம்

வருடம் ஒருமுறை மனநல முகாம் நடக்கும். இந்த முறை பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்தது. பேனர், பலூன், பிஸ்கட், ஆளுக்கொரு கேள்வித்தாள். சோர்வாக இருக்கிறீர்களா? எதிலும் நாட்டமில்லையா? தூக்கத்தில் மாற்றம் உண்டா? எரிச்சல் வருகிறதா? வேலைநேரம் கெடக் கூடாது என்பதால் முகாமை ஷிப்ட் மாறும் வேளையில், காலையில் வைத்தார்கள். அதாவது, இரவெல்லாம் நின்றுவிட்டு வெளியே வந்தவர்களைப் பஸ்ஸில் ஏறவிடாமல் நிறுத்தி, சோர்வாக இருக்கிறதா என்று கேட்டார்கள்.

முடிவைப் பார்த்துக் குழுவின் தலைவர் முகம் வெளிறிவிட்டது. சி ஷிப்ட் மொத்தமும் நோயாளி. ஏ ஷிப்டுக்கு அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியம். "இது ஒரு தீவிரமான நிலை" என்று மனிதவள மேலாளரிடம் சொன்னார். அடுத்த வாரம் அந்த இரண்டு கூட்டமும் ஷிப்ட் மாறிக்கொள்ளும், நோயும் கூடவே இடம் மாறும் என்று நான் பணிவாகச் சொன்னேன். குழுத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் ஒரு கேள்வித்தாள் தரலாமா என்ற யோசனை தெரிந்தது. வெளியே சாதிக், பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த மதிப்பெண்தான் மிக அதிகமாம். ஓசூரில் ஒரு நிபுணரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"தூக்கம் எப்படின்னு கேட்டாங்கண்ணா. இப்பவே வருதுங்க, விட்டா பஸ்ஸுக்குப் போறேன்னு சொன்னேன். அதுக்கும் ஒரு மார்க் போட்டுட்டாங்க."

கூட்டல்

மருத்துவத்தில் கூட்டல் எல்லோருக்கும் தெரியும். கழித்தலை எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். சாதிக்கின் கதையில் கணக்கு இப்படிப் போயிற்று. தூக்கத்துக்குப் பெங்களூர் மருத்துவர் ஒன்று. அதனால் பகலெல்லாம் மந்தம். அந்த மந்தத்தைப் பார்த்த ஓசூர் நிபுணர், மனச்சோர்வு என்று இன்னொன்று. அதைத் தொடங்கிய பிறகு கை லேசாக நடுங்கியது. நடுக்கத்துக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு பொது மருத்துவர் மூன்றாவதாக ஒன்று. அதனால் வாய் காய்ந்தது, மலம் இறுகியது. அதற்கும் ஒரு பாட்டில் வந்தது. எந்த மருத்துவரும் தவறாக எதுவும் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நோய்க்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார். முந்தைய மருத்துவர் எழுதிய சீட்டுத்தான் அந்த நோய் என்பதை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

கிருஷ்ணகிரி மருத்துவரிடம் நானும் கூடப் போயிருந்தேன். என் வீடு அந்தத் தெருவில்தான். "ஐயா, நடுக்கம் ஒருவேளை அந்த இரண்டாவது மாத்திரையால் இருக்கலாமோ? அந்த மருத்துவரிடம் பேசி அதைக் குறைத்தால்..." என்று இழுத்தேன். அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று கதவைச் சாத்திவிட்டு, ரகசியம் போலச் சொன்னார்.

"இருக்கலாம்ப்பா. ஆனா இன்னொருத்தர் எழுதினதுல நான் கை வெச்சா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஒரு கல்யாணத்துல அவரு மூஞ்சியில முழிக்கணுமில்ல?"

ஒரு போன்

சாதிக்கின் மனைவி ஷபானாவை நான் பார்த்ததில்லை. கம்பெனி அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மருந்தறை எண்ணுக்கு ஒருநாள் மதியம் கூப்பிட்டார். மாத்திரை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். அதில்லை. மகள் சாதிக்கின் வெள்ளைச் சட்டையில் மையைக் கொட்டிவிட்டாளாம். முன்னெல்லாம் இப்படி எதையாவது செய்தால் முதலில் ஒரு சத்தம் போடுவார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவார். இப்போது சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாராம். இது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டார். நோய் மாறுதலா, மருந்து மாறுதலா, தூங்காததன் மாறுதலா என்று மூன்று விதமாகவும் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியும். அதற்குள் ஷபானாவே தொடர்ந்தார்.

"திட்டவும் இல்லண்ணா, சிரிக்கவும் இல்ல. கம்பெனி பஸ்ஸு மாதிரி வர்றாரு, போறாரு. உள்ள ஆளு இருக்காரான்னே தெரியல."

முனிரத்தினம்

இந்தப் போனுக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் மாத்திரைகளுக்கு எதிரான பிரசங்கியாகவே ஆகிவிட்டேன். மனதுக்கு எதற்கு மாத்திரை, வாழ்க்கையை மாற்றாமல் மூளையை மாற்றுவதா என்றெல்லாம், கேட்பவர் கேட்காதவர் எல்லோரிடமும். கேட்காதவர்களில் ஒருவர் முனிரத்தினம். ஸ்டோர்ஸில் கணக்கு வைப்பவர், பாகலூர்க்காரர், பல வருடமாக மாதாமாதம் ஒரே மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறவர். ஒரு நட்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவரிடமும், "இன்னும் எத்தனை காலம்தான் இதை விழுங்குவீங்க?" என்று தொடங்கி ஒரு நீண்ட உரை ஆற்றினேன்.

நான் முடித்ததும் அவர் உறையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லா பேசறீங்க சார். இந்த மாத்திரை இல்லாத காலத்துலயும் எனக்கு ஒரு குரல் இப்படித்தான் ஓயாம பேசிக்கிட்டிருந்தது. என் பொண்டாட்டி சோத்துல விஷம் வெக்கறான்னு சொல்லும். இப்ப அது இல்ல. அதனாலதான் நீங்க பேசறது எனக்குக் கேக்குது."

பெரிய அடி

தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை எங்கள் பக்கம் டை என்பார்கள். பிரஸ்ஸின் வாயில் பொருத்தியிருக்கும் கனத்த எஃகு. ஆலையில் மிக மரியாதையாக நடத்தப்படும் ஜீவன் அதுதான். ஒருநாள் காலை, ஷிப்ட் முடியப்போகும் நேரம், குமரேசன் மூச்சிரைக்க என் அறைக்குள் ஓடி வந்தார். "சார், சாதிக் மெஷின்ல பெரிய அடி!" முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நான் ஓடினேன். ஓடும்போது பத்து விரல்களையும் எந்த வரிசையில் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே ஓடினேன்.

அங்கே ஒரு கூட்டமே குனிந்து நின்றது. தரப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு, ஆலை மேலாளர். டார்ச் அடித்தார்கள், நாலு பக்கமிருந்தும் படம் பிடித்தார்கள். முதல் தகட்டை எடுக்காமலே இரண்டாவது தகட்டைச் சாதிக் உள்ளே வைத்திருக்கிறார். இரண்டின்மேலும் பிரஸ் இறங்கியதில் டை விரிசல் விட்டுவிட்டது. கூட்டத்துக்கு வெளியே, ஒரு தூணில் சாய்ந்தபடி, சாதிக் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தன. நான் குமரேசன் பக்கம் திரும்பி, "அடி யாருக்குய்யா?" என்றேன்.

"டைக்கு சார்! ஆளு அங்க நல்லாத்தானே நிக்கறாரு."

ஸ்டாக்கில் இல்லாத மருந்து

இதற்கிடையில் பெங்களூர் மருத்துவர் வேலையை விட்டுவிட்டார்; கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி வாகன நெரிசலில் காரிலேயே அவருக்கு ரத்த அழுத்தம் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு, அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற ஒரு பெண் மருத்துவர் வந்தார். டை உடைந்ததால் சாதிக்குக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும் என்று மனிதவள மேலாளர் கேட்டிருந்தார். தகுதி என்றால் மூன்று ஷிப்டுக்கும் தகுதி. இல்லையென்றால் நிரந்தரம் இல்லை. ஒப்பந்தமும் அடுத்த முறை புதுப்பிக்கப்படாது. சாதிக் தன் பையைக் கவிழ்த்தார். மேசை மேல் அட்டைகளும் பாட்டிலும் என் சூரியன்களும் தலையணைகளும் குவிந்தன. அந்த அம்மா எதையும் தொடவில்லை. "எந்த ஷிப்ட்டுப்பா நீ?" என்றார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் ஒரு மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை.

வெகுநேரம் பேசினார்கள். மருந்துகளைக் குறைக்கலாமா என்று ஓசூர் நிபுணரிடம் அப்போதே போன் போட்டுக் கேட்டார். அவரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். கல்யாணத்தில் முகத்தில் விழிக்கும் சங்கடம் யாருக்கும் வரவில்லை. சாதிக், "எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்திடட்டுங்களா மேடம்?" என்றார். "ஓடற பஸ்ஸுல இருந்து குதிப்பியா? ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்குவோம். நீயா எதையும் நிறுத்தக் கூடாது" என்றவர், எந்த மாத்திரையை எப்போது எவ்வளவு குறைப்பது என்று எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து எழுத வேண்டிய இடத்தில், பகல் ஷிப்ட் மட்டும், மூன்று மாதம் என்று எழுதினார். நான் பழக்கதோஷத்தில் அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சீட்டைப் பார்த்த மனிதவள மேலாளர் சிரித்த முகத்தோடு வந்தார். படித்தவர், பண்பானவர். "மேடம், ஷிப்ட்டுல கை வெச்சா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. மாத்திரையா எழுதிக் குடுங்க, எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் இன்னிக்கே வாங்கித் தந்துடறோம்."

நோயாளி மாற்றம்

அன்று மாலை மருத்துவர் கிளம்பும்போது, நான் ஒரு சிறிய திருத்தத்தை முன்வைத்தேன். நான் திருத்தங்களுக்குப் பேர்போனவன். "மேடம், நோயும் சரி, மருந்தும் சரி. நோயாளியை மட்டும் மாற்றிவிடலாம்" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அரசு மருத்துவமனையில் இத்தனை காலம் ஓட்டியவர், விளக்கம் தேவைப்படவில்லை. புதிதாக ஒரு தாளை எடுத்து, ஆலை மேலாளருக்கு ஒரே ஒரு வரி எழுதினார். இவர் இரவுப் பணியில் தொடர்ந்தால் டைகளுக்கு மேலும் சேதம் ஏற்பட வாய்ப்புள்ளது. "இது மருத்துவ உண்மைதானே?" என்று கேட்டார். "கலப்படமில்லாத உண்மை மேடம்" என்றேன்.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. சாதிக்கைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து டூல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். டைகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுப் பழுது பார்க்கும் இடம். அங்கே பகல் வேலை மட்டும்தான். நிரந்தரத்துக்கு இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று மனிதவளம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் மட்டும் பிழைத்தது. சாதிக்கைக் கொண்டுபோய் விடும் சாக்கில் நானும் டூல் ரூமைப் பார்க்கப் போனேன். குளிர்ச்சியான அறை, மெத்தென்ற ரப்பர் விரிப்புகள், அவற்றின் மேல் வரிசையாக டைகள். எதற்கு இவை சும்மா கிடக்கின்றன என்று அங்கிருந்த பொறுப்பாளரிடம் கேட்டேன். என் அறியாமையைப் பார்த்து அவர் இரக்கப்பட்டார்.

"இத்தனை அடி அடிச்சா இறக்கி ரெஸ்ட் குடுத்தே ஆகணும் சார். ராத்திரி பகலா ஓட்டினா இரும்பா இருந்தாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

மழை

மாத்திரைகள் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் தூக்க மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினார்கள். சாதிக் இரண்டொரு வாரம் சிடுசிடுவென்று இருந்தார். மருத்துவர் அவசரப்படவில்லை, ஒரு தடவை அளவைக் கொஞ்சம் கூட்டி, பாதி தூரம் திரும்பிக்கூடப் போனார். பிறகு நடுக்கத்துக்கானது போயிற்று. நடுக்கமும் கிட்டத்தட்டப் போயிற்று. பாட்டில் தானாகவே காணாமல் போயிற்று. ஓசூர் நிபுணர் எழுதியது மட்டும் குறைந்த அளவில் இன்னும் இருக்கிறது. அது தேவையா இல்லையா என்பதைப் பொறுமையாகப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்கிறார் அந்த அம்மா. முனிரத்தினத்தை நினைத்துக்கொண்டு நானும் வாயைத் திறப்பதில்லை. இப்போது சாதிக்கின் உறையில் ஒரு சூரியன் மட்டும்தான். ஷபானா ஒருமுறை போன் செய்தார். மகளோடு கேரம் ஆடித் தோற்றுவிட்டு, அவள் திருட்டாட்டம் ஆடினாள் என்று சாதிக் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டாராம். சந்தோஷத்தில் ஷபானா அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

போன வாரம் ஒரு காலையில் சாதிக் மருந்தறைக்கு வந்தார். தலைவலியா, வயிற்றுவலியா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றார். மருந்தறைக்கு யாரும் சும்மா வருவதில்லை என்பதால் எடை இயந்திரத்தில் ஏறி இறங்கினார். வெளியே தரையெல்லாம் நனைந்து கிடந்தது. மாதையன் பஸ்ஸின் டயரெல்லாம் சேறு. ஊத்தங்கரைப் பக்கம் நேற்றிரவு மரங்கள் சாயும் அளவுக்கு மழை என்று காலையிலிருந்து எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊரிலும் பலத்த மழையா என்று கேட்டேன். சாதிக்கின் முகத்தில் ஒரு வெட்கம் படர்ந்தது.

"பேஞ்சுதாம்ண்ணா. இடியும் பயங்கர இடியாம். காலைல ஷபானா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

இத்தனை வருட மருந்தறை வாழ்க்கையில் நான் கண்டது, எங்கள் ஆலையில் மனிதனுக்கு மாத்திரை கேட்ட அன்றே கிடைக்கும், ஓய்வு வேண்டுமென்றால் மட்டும் ஏதாவதோர் இரும்பின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.